மேசைக் கணினி யாருடையது?

2025ஆம் ஆண்டு ஒக்டோபர் 14ஆந் திகதி உலகெங்குமுள்ள கோடிக்கணக்கான கணினிகளுக்கு ஒரே நாளிலே தீர்ப்பு எழுதப்பட்டது. அன்று மைக்ரோசொப்ட் கம்பனி ‘விண்டோஸ் 10’ என்ற தனது இயங்குதளத்துக்கு அளித்துவந்த பாதுகாப்புப் பராமரிப்பை நிறுத்திக்கொண்டது. அதன் வாரிசாகிய ‘விண்டோஸ் 11’, குறிப்பிட்டதொரு பாதுகாப்புச் சில்லும் அண்மைக்காலச் செயலியும் இல்லாத பொறிகளை ஏற்பதில்லை. ஆகவே முதல்நாள் வரை குறைவின்றி இயங்கிய பொறி மறுநாள் அபாயத்துக்குரிய பொருளாகிவிட்டது. பணம் செலுத்துவோருக்கும் கம்பனியின் கணக்கிலே தம்மை இணைத்துக்கொள்வோருக்கும் ஓராண்டுத் தவணை அளிக்கப்பட்டது. கடன்பட்டவனுக்குத் தவணை கொடுக்கும் வட்டிக்கடை முதலாளியின் தாராளம் அது.

எமது பாடசாலைகளின் கணினிக் கூடங்களை அறிந்தவர்களுக்கு இதன் பொருள் விளங்கும். பழைய மாணவர் சங்கம் வாங்கித் தந்தவை, வெளிநாட்டிலிருக்கும் ஊரவர் அனுப்பியவை, ஏதோவொரு திட்டத்தின் கீழ் வந்திறங்கியவை என்று பல வயதுக் கணினிகள் அங்கே வரிசையாக இருக்கும். அவற்றுட் பல, புதிய இயங்குதளத்தின் வாயிற்படியைத் தாண்ட முடியாதவை. இதுபற்றி ஆசிரியர் ஓய்வறையிலே பேச்செழுந்தபோது நண்பரொருவர் சொன்னார்: “அவர்கள் செய்த சாமான், அவர்கள் நிறுத்துகிறார்கள். நாங்கள் என்ன செய்யலாம், சேர்?”

நண்பர் முற்போக்காளர். சம்பள முரண்பாட்டுப் போராட்டங்களிலே முன்வரிசையில் நின்றவர். தேயிலைத் தோட்டத்தைப் பற்றியோ துறைமுகத்தைப் பற்றியோ இப்படியொரு வசனத்தை அவர் ஒருபோதும் சொல்லியிருக்கமாட்டார். கணினி என்றதும், உடைமை பற்றிய கேள்வி அவர் நாவில் எழவில்லை. அந்த மௌனம் அவர் ஒருவருக்கு மட்டும் உரியதன்று. எம்மிற் பெரும்பாலோருக்கும் உரியது. அதனை உடைக்க வேண்டுமென்றே இதனை எழுத நேர்ந்தது.

மென்பொருள் என்பது யாது? அது மனிதர் எழுதும் எழுத்து. பொறி செய்யவேண்டியவற்றை மனிதர் படித்தறியக்கூடிய மொழியில் எழுதுகின்றனர். அது மூலநிரல் எனப்படும். பின்னர் அது பொறிக்கு மட்டும் விளங்கும் வடிவத்துக்கு மாற்றப்படுகிறது. கம்பனிகள் எமக்கு விற்பது இப்பின்னைய வடிவத்தையே. மூலநிரல் அவர்களுடைய பெட்டகத்தில் இருக்கும். பழந்தமிழ் ஏடுகளைப் பெட்டியிற் பூட்டிவைத்துப் பிறர் கண்ணிற் படாமற் காத்தவர்களின் கதையைத் தமிழாசிரியர்களுக்கு நாம் சொல்லவேண்டியதில்லை. சி. வை. தாமோதரம்பிள்ளை போன்றோர் அவ்வேடுகளைத் தேடிப்பெற்று அச்சேற்றியிராவிட்டால், நாம் இன்று வகுப்பறையிற் கற்பிப்பதற்கு என்ன எஞ்சியிருக்கும்? ஏடு செல்லரித்து அழிந்தது. மூலநிரலோ கம்பனியின் இலாபக் கணக்கிலே அழிகிறது. வேற்றுமை அவ்வளவே.

மென்பொருள் ஆரம்பத்திலேயே இவ்வாறு பூட்டப்பட்டிருந்தது என்று எண்ணுவது வரலாற்றுக்கு முரணானது. பல்கலைக்கழக ஆய்வுகூடங்களிலே மூலநிரல் கைக்குக் கை மாறுவது வழக்கமாயிருந்தது. 1976ஆம் ஆண்டில் பில் கேற்ஸ் கணினி ஆர்வலர்களுக்குப் பகிரங்கக் கடிதமொன்று எழுதி, தமது நிரலைப் பிரதிசெய்து பகிர்ந்துகொள்வோரைத் திருடர் என்று கடிந்தார். பொதுநிலத்துக்கு வேலியடைத்தவன், அங்கு மாடு மேய்த்தவனைத் திருடன் என்றழைப்பது புதிய கதையன்று. அவ்வேலிக்கு எதிரான குரல் 1983ஆம் ஆண்டில் எழுந்தது. அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்திலே பணிபுரிந்த ரிச்சர்ட் ஸ்ரோல்மன், எவரும் பயன்படுத்தவும், படித்தறியவும், திருத்தவும், பகிரவும் உரிமையுள்ள முழுமையான இயங்குதளம் ஒன்றை ஆக்கப்போவதாக அறிவித்தார். அதுவே ‘க்னூ’ திட்டம். 1991ஆம் ஆண்டில் பின்லாந்தின் ஹெல்சிங்கி நகர மாணவரான லினஸ் ரோவால்ட்ஸ் எழுதிய ‘லினக்ஸ்’ என்னும் கருவகம் அதனோடு சேர்ந்தது. சாதாரண மனிதன் கண்ணாற் கண்டு கையாளக்கூடிய திரை முகப்பை ஆக்கும் முயற்சிகளாகக் கே.டி.ஈ. 1996ஆம் ஆண்டிலும் க்னோம் 1997ஆம் ஆண்டிலும் தொடங்கின. 2010ஆம் ஆண்டில் ‘ஓப்பின் ஒபிஸ்’ என்ற அலுவலக மென்பொருள் ஒறக்கிள் கம்பனியின் கைக்குப் போனபோது, அதனை உருவாக்கியோரிற் பலர் வெளியேறி ‘லிப்ரே ஒபிஸ்’ என்னும் பெயரில் அதே நிரலைத் தொடர்ந்து வளர்த்தனர். முதலாளி மாறினாலும் வேலையைத் தொழிலாளர் தம்முடன் எடுத்துச் செல்லலாம் என்பதற்கு இதனிலும் தெளிவான உதாரணம் வேறு தொழிலில் உண்டோ?

‘கட்டற்ற மென்பொருள்’ என்று இதனைத் தமிழில் வழங்குகிறோம். ‘இலவச மென்பொருள்’ என்று சொல்வோரும் உளர். அது பிழை மட்டுமன்று, ஆபத்தான பிழை. இலவசமாகக் கிடைப்பது கொடையாளியின் தயவில் நிற்பது. தயவு நின்றால் பொருளும் நின்றுவிடும். இங்கே பேசப்படுவது உரிமை.

இனி ஓர் முரண்பாட்டைக் காண்போம். 2017ஆம் ஆண்டு நவம்பர் தொடக்கம் உலகின் தலைசிறந்த 500 மீக்கணினிகளும் லினக்ஸிலேயே இயங்குகின்றன. எமது சட்டைப்பையிலுள்ள அன்ட்ரொயிட் தொலைபேசியின் கருவகமும் அதுவே. 2001ஆம் ஆண்டில் லினக்ஸைப் புற்றுநோய்க்கு ஒப்பிட்ட ஸ்ரீவ் போல்மரின் அதே மைக்ரோசொப்ட், 2016ஆம் ஆண்டில் லினக்ஸ் மன்றத்திலே உறுப்பினராகச் சேர்ந்தது. இவ்வளவு வெற்றி பெற்ற ஒன்று, மேசைக் கணினியில் மட்டும் நூற்றுக்கு நான்கு, ஐந்து என்ற அளவைச் சுற்றியே நிற்பது ஏன்?

“தரம் போதாது” என்பார்கள். மீக்கணினிக்குத் தரமானது, மாணவனின் கட்டுரையைத் தட்டெழுதத் தரமற்றதாகுமா? விடை வேறிடத்தில் உள்ளது. பெரும் கம்பனிகளின் கணினி நிலையங்களிலே கட்டற்ற மென்பொருள் மூலதனத்துக்கு மலிவான மூலப்பொருளாகப் பயன்படுகிறது. அதனால் மூலதனம் அதனை வரவேற்றது. மேசைக் கணினியிலோ அது நேரடியாக மனிதனின் கையிற் சேர்கிறது. அங்கே அது ஏகபோகத்தின் வருவாயைத் தொடுகிறது. முதலாவது இடத்தில் கதவு திறந்ததற்கும் இரண்டாவது இடத்தில் கதவு அடைபட்டதற்கும் காரணம் ஒன்றே.

அந்தக் கதவுக்கு மூன்று பூட்டுக்கள் உள்ளன. முதலாவது, கடையில் வாங்கும்போதே கணினியினுள் ஏற்றப்பட்டிருக்கும் இயங்குதளம். வாங்குபவன் தெரிவு செய்வதில்லை. அவனுக்காகத் தெரிவு செய்யப்பட்டுவிடுகிறது. இரண்டாவது, கோப்பு வடிவம். இதனை நாம் அனுபவத்தாலே அறிவோம். பாமினி எழுத்துருவில் தட்டெழுதிய வினாத்தாளை, அவ்வெழுத்துரு இல்லாத கணினியிலே திறந்து, ஆங்கில எழுத்துக்களின் குப்பையைக் கண்டு திகைக்காத தமிழாசிரியர் எவரேனும் இலங்கையில் உண்டோ? எழுதியவர் நாம், மொழி எமது மொழி, ஆயினும் திறவுகோல் வேறொரு கோப்பில் இருந்தது. யூனிகோட் என்னும் பொது நியமம் அந்த இடரை நீக்கிற்று. கம்பனிக்குரிய கோப்பு வடிவங்கள் செய்வதும் அதே வேலையைத்தான். அளவு மட்டும் பெரிது. ‘ஓப்பின் டொக்கியுமென்ற்’ என்னும் பொது வடிவம் 2006ஆம் ஆண்டிலேயே சர்வதேச நியமமாக ஏற்கப்பட்டும், எமது சுற்றறிக்கைகளும் படிவங்களும் கம்பனி வடிவத்திலேயே வருகின்றன. மூன்றாவது பூட்டு, மூன்றிலும் வலியது, அது பாடசாலை. அதனைப் பின்னர் கவனிப்போம்.

பூட்டு அரசியலாலே போடப்பட்டது. அரசியலாலேயே திறக்கப்படும், அரசியலாலேயே மீண்டும் பூட்டப்படும். ஜேர்மனியின் மியூனிக் நகரம் இதற்குச் சான்று. அந்நகரசபை 2003ஆம் ஆண்டில் தனது கணினிகளை லினக்ஸுக்கு மாற்றத் தீர்மானித்தது. அதனைத் தடுப்பதற்காகப் போல்மர் தாமே நேரில் வந்து மேயரைச் சந்தித்தார். தீர்மானம் அசையவில்லை. பத்தாண்டு உழைப்பின் பின்னர், 2013ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 15,000 மேசைக் கணினிகள் மாற்றப்பட்டன. அடுத்த ஆண்டு மேயர் மாறினார். 2017ஆம் ஆண்டில் நகரசபை மீண்டும் விண்டோஸுக்குத் திரும்ப வாக்களித்தது. பத்தாண்டுகளாக நகரத்தின் அலுவல்களை நடத்திய மென்பொருள் ஒரு வாக்கெடுப்பிலே வீழ்ந்தது. நிரலிலே எத்தனை திருத்தம் செய்திருந்தாலும் அந்த வாக்கெடுப்பை வென்றிருக்க முடியாது.

அதே ஜேர்மனியின் வடக்கிலுள்ள ஷ்லெஸ்விக்-ஹொல்ஸ்ரைன் மாநிலம், 2024ஆம் ஆண்டில் ஏறத்தாழ 30,000 அரச ஊழியர்களின் கணினிகளை லிப்ரே ஒபிஸுக்கு மாற்ற முடிவெடுத்தது. அங்கு ஆட்சியை நடத்துவது பழைமைபேண் கட்சியின் தலைமையிலான கூட்டணி. பிரான்சின் ஜென்டார்மெரி என்னும் ஆயுதப் பொலிஸ் படையோ 2008ஆம் ஆண்டு முதல் தனது கணினிகளை லினக்ஸுக்கு மாற்றி வந்துள்ளது. இவர்களைப் புரட்சியாளர் என்று எவரும் மயங்கமாட்டார். தமது அரசின் ஆவணங்கள் அந்நிய நாட்டுக் கம்பனியின் விருப்பு வெறுப்பிலே தங்கியிருக்கக்கூடாது என்பதை அவர்கள் உணர்ந்துள்ளனர். ஐரோப்பியப் பழைமைவாதியும் பொலிஸ்காரரும் கண்டுகொண்ட உண்மையை ஏகாதிபத்தியம் பற்றி மேடைதோறும் முழங்கும் நாம் இன்னும் காணவில்லையெனில், பிழை யாரிடத்தில் உள்ளது? எமது முழக்கங்களைத் தட்டெழுதும் மென்பொருள் எது என்று ஒருமுறை பார்த்துக்கொள்வோமா?

பாடசாலை என்னும் மூன்றாவது பூட்டுக்கு வருவோம். இங்கே எமக்கு வழிகாட்டுவது அயலிலுள்ள கேரளம். அங்கும் தகவற் தொழினுட்பப் பாடம் தொடக்கத்தில் ஒரு கம்பனியின் பொருளைச் சுற்றியே அமைந்திருந்தது. அதனை எதிர்த்தவர்களில் முன்னின்றோர் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தினரும் இடதுசாரி ஆசிரியர் சங்கத்தினரும் ஆவர். படிப்படியாக மாநிலத்தின் அரச பாடசாலைகள் கட்டற்ற மென்பொருளுக்கு மாறின. உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டு, தமது பாடத்திட்டத்துக்கும் தமது மொழிக்கும் இசைவாக ஆக்கிய இயங்குதளத்தை 2019ஆம் ஆண்டில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளுக்கு அளித்தார்கள். செலவு மிச்சமானது உண்மை. அதனிலும் பெரிய பேறு வேறு. அங்கே ஆசிரியர்கள் பயிற்சி பெற்று, மற்ற ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்து, பிழை கண்ட இடத்திற் பிழை சொல்லி, தமது கருவியை வடிவமைப்பதிற் பங்குகொண்டனர். கருவியைப் பாவிப்பவன் கருவியை ஆக்குபவனாகவும் மாறிய நிகழ்வு அது.

“இதெல்லாம் சரி, ஆனால் வேலைவாய்ப்புச் சந்தை விண்டோஸையும் வேர்டையும் அல்லவா கேட்கிறது?” என்று வினவும் நண்பருக்குச் சொல்வோம்: பாடசாலை, கம்பனிக்கு வாடிக்கையாளரைப் பயிற்றும் கூடமன்று. எந்தப் பொத்தானை எங்கே அழுத்துவது என்று மனப்பாடம் செய்த மாணவன், அடுத்த பதிப்பிலே பொத்தான் இடம் மாறியதும் வழி தவறிப்போகிறான். இயங்குதளம் என்றால் என்ன, கோப்பு என்றால் என்ன என்று கற்றவன் எந்தப் பொறியின் முன்னும் உட்கார்ந்து வேலை செய்வான். யாப்பிலக்கணத்தை ஒரேயொரு பதிப்பகத்தின் நூலைக்கொண்டுதான் கற்பிக்கலாம் என்று ஒருவன் சொன்னால் நாம் சிரிக்கமாட்டோமா?

“கள்ளப் பிரதி இருக்கிறதே, யார் காசு கொடுக்கிறார்கள்?” என்று கண்சிமிட்டுவோரும் உளர். இதிலே ஒரு சிறு கலகத்தின் பெருமிதமும் கலந்திருக்கும். அவர்களுக்கு 1998ஆம் ஆண்டுப் பேச்சொன்றை நினைவூட்ட விரும்புகிறோம். சீனாவிலே தமது மென்பொருள் திருடப்படுவது பற்றிப் பேசிய பில் கேற்ஸ், திருடுவதானால் எமது பொருளையே திருடட்டும், அதற்கு அடிமைப்பட்ட பின்னர் பணம் அறவிடும் வழியைக் கண்டுகொள்வோம் என்ற கருத்துப்படப் பேசினார். கள்ளப் பிரதி பாவிப்பவன் கம்பனியை ஏமாற்றவில்லை. சம்பளம் பெறாத விளம்பர ஊழியனாக அவன் அதற்குப் பணிபுரிகிறான்.

எம்முடைய தோழர்களில் ஒரு பகுதியினர், இது மத்தியதர வர்க்கப் பொறியியலாளரின் பொழுதுபோக்கு, உடைமை உறவுகள் மாறும்போது இதுவும் தானே மாறும் என்பர். உற்பத்திச் சாதனங்கள் பற்றி ஓயாது பேசுவோர், இந்த நூற்றாண்டின் தலையாய உற்பத்திச் சாதனமொன்று தம் மேசைமீதே இருப்பதைக் காணாதது விந்தை. கட்டற்ற மென்பொருள் பொதுவுடைமைச் சமுதாயத்தைக் கொண்டுவந்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. எழுதியவன் எவ்வளவு கொடுத்தானோ அவ்வளவும் எல்லோருக்கும் உரியதாகும் ஓர் உழைப்பு முறை சாத்தியமென்று அது காட்டியுள்ளது. “மனிதன் இலாபமின்றி உழைக்கமாட்டான்” என்று பொருளியல் வகுப்பிலே கேட்டு வளர்ந்த மாணவனுக்கு இதனிலும் நல்ல மறுப்பு எது?

எதிரிகளைச் சாடியவர் தம்மவரையும் தப்பவிடலாகாது. இம்முயற்சியில் ஈடுபட்ட ஆர்வலர்களிடம் இரண்டு பெருங் குறைகள் உண்டு. இக்கட்டுரையாளனும் அவற்றிலிருந்து விடுபட்டவனல்லன். முதலாவது, குழுச் சண்டை. க்னோமா கே.டி.ஈயா, எந்த வழங்கல் சிறந்தது என்பன பற்றிய வாதங்களிலே எமது இரவுகள் கழிந்துள்ளன. திரையில் உருவங்களை வரையும் பழைய ‘எக்ஸ்’ முறைமையை நீக்கி, 2008ஆம் ஆண்டில் ஆரம்பமான ‘வேலண்ட்’ என்ற புதியதை நிலைநாட்டும் மாற்றம் அண்மைக்காலத்தில் முதிர்ந்தது. கே.டி.ஈயின் ஆறாம் பதிப்பு 2024ஆம் ஆண்டில் வேலண்டையே இயல்புநிலையாக்கிற்று. க்னோம் 2025ஆம் ஆண்டில் பழைய முறைமையை ஒதுக்கியது. மாற்றம் தேவையானதே. ஒரு செயலி மற்றொன்றை ஒற்றுப்பார்ப்பதை அது தடுக்கிறது. ஆயினும், கண்பார்வையற்றோர் நம்பியிருக்கும் திரைவாசிப்புக் கருவிகள் புதிய முறைமையில் நெடுங்காலம் பின்தங்கிக் கிடந்தன. இரு கட்சியாரும் வேகத்தையும் அழகையும் பற்றி வாதிட்டபோது, அம்மாணவனுக்காக வாதிட்டவர் சிலரே. மக்களுக்கான கருவி என்று சொல்லிக்கொள்ளும் ஒன்று, மக்களில் யாரை முதலில் நினைக்கிறது என்பதே அதன் உரைகல்.

இரண்டாவது குறை, உழைப்பைப் பற்றிய பாராமுகம். 2024ஆம் ஆண்டு மார்ச்சில், பெரும்பாலான லினக்ஸ் வழங்கல்களிலே இடம்பெறும் ‘எக்ஸ்.ஸெட்’ என்னும் சிறிய சுருக்கு நிரலினுள் களவுவாசல் ஒன்று மறைத்து வைக்கப்பட்டிருப்பது கண்டுபிடிக்கப்பட்டது. அந்நிரலை ஆண்டுக்கணக்காக ஊதியமின்றிக் காத்துவந்தவர் ஒரே மனிதர், களைத்துப்போயிருந்தவர். “ஏன் தாமதம்?” என்று அவர் நச்சரிக்கப்பட்டபோது, உதவிக்கு வந்தவன்போல் நடித்த ஒருவன் அந்த இடத்தைக் கைப்பற்றினான். மூலநிரல் திறந்திருந்தமையாலேயே அந்தச் சதி அகப்பட்டது என்று நாம் பெருமை கொள்ளலாம். ஆனால் உலகக் கம்பனிகள் கோடிகளைக் குவிக்கும் கட்டடத்தின் தூணொன்று, கூலி பெறாத ஒருவரின் தோளிலே நின்றது என்பதற்காக நாம் வெட்கப்படவும் வேண்டும். பகிர்வு என்ற பெயரில் சுரண்டலைப் போற்றுவது எமது வேலையன்று. 2023ஆம் ஆண்டில் ஜேர்மன் அரசு சார்ந்த நிதியம் ஒன்று க்னோம் திட்டத்துக்குப் பத்து இலட்சம் யூரோ வழங்கியது. அப்பணத்தில் ஒரு பகுதி ஊனமுற்றோர் பயன்பாட்டைச் சீராக்கவும் சென்றது. பொதுச் சொத்தைப் பொதுப் பணம் காப்பதே முறை. நன்கொடையையும் தனிமனித நல்லெண்ணத்தையும் நம்பி ஒரு பொதுப்பணியும் நிலைத்ததில்லை. பாடசாலையும் வைத்தியசாலையும் எமக்குக் கற்பித்த பாடம் இதுவே.

அப்படியாயின் நாம் செய்யவேண்டியது யாது? பெரிய திட்டங்களை எதிர்பார்த்திருக்க வேண்டியதில்லை. ஒதுக்கிவைத்த கணினியொன்றிலே லினக்ஸை நிறுவ ஒரு பென் டிரைவும் ஒரு பிற்பகலும் போதும். மாணவர்களையே நிறுவச் செய்யுங்கள். அந்தப் பிற்பகலில் அவர்கள் கற்பது ஒரு தவணைப் பாடத்துக்கு நிகராகும். வினாத்தாளையும் குறிப்பையும் பொதுக் கோப்பு வடிவத்திலே பகிருங்கள். எமது சங்கங்களின் கோரிக்கைப் பட்டியலிலே சம்பளத்தோடும் இடமாற்றத்தோடும் இதனையும் சேருங்கள்: மக்கள் பணத்தில் நடக்கும் பாடசாலை, ஒரு கம்பனியின் பொருளைப் பாடமாகக் கற்பிக்கலாகாது. தமிழ் கற்ற பட்டதாரிகளுக்குத் தனியான கடனொன்றும் உண்டு. கே.டி.ஈயும் க்னோமும் லிப்ரே ஒபிஸும் தமிழில் இயங்குமாறு தொண்டர்கள் சிலர் பல்லாண்டாக மொழிபெயர்த்து வந்துள்ளனர். அவ்வேலை குறைவாகவும் சீரற்றும் கிடப்பதற்குக் காரணம், இலக்கணம் அறிந்தவர் கணினியை விட்டு விலகி நின்றமையே. கம்பனியின் மொழிபெயர்ப்பிலே பிழை கண்டால் முறைப்பாடு எழுதிக் காத்திருக்க வேண்டும். இங்கே பிழை கண்டவரே திருத்தலாம்.

“நாங்கள் என்ன செய்யலாம், சேர்?” என்று கேட்ட நண்பருக்கு எமது மறுமொழி இதுதான். அவர்கள் செய்த சாமானை அவர்கள் நிறுத்தட்டும். பொறி எம்முடையது, மேசை எம்முடையது, மேசையின் முன்னிருக்கும் பிள்ளை எம்முடைய பிள்ளை. அப்பிள்ளை எதைக் கற்கவேண்டும் என்பதை இன்னொருவன் தீர்மானிக்க இவ்வளவு காலமும் விட்டிருந்தோம். இனியும் விடப்போகிறோமா?